மாமா வாசித்த கடிதம்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்வரை, கொழும்பில் இருக்கிற அரசாங்கக் கந்தோர்கள், அலுவலகங்கள் எல்லாம் மிகுந்த பண்புள்ளவை என்றே நான் நினைத்திருந்தேன். அதற்குக் காரணம் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் தனியாக இருந்தார். தன் வயலோடு எங்கள் வயலையும் சேர்த்து அவரே செய்தார். சாப்பாடு எங்கள் வீட்டில். சண்டை முடிந்த கையோடு அவரைத் தெற்கில் ஒரு முகாமில் இரண்டு வருசம் தடுத்து வைத்திருந்தார்கள். சிங்களம் அங்கேதான் பழகினார். அந்த இரண்டு வருசத்தைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த சிங்களம் எங்கள் வாய்க்கால் கரையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் பயன்பட்டது.

மீளக்குடியேறி ஒன்றிரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று தொலைந்திருந்தது. அடையாள அட்டை, காணி உத்தரவுப்பத்திரம், விவாகப் பதிவு என்று ஆளாளுக்குக் கொழும்புக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பதில் பெரும்பாலும் சிங்களத்தில் வரும். உறையைப் பிரிக்காமலே மாமாவிடம் கொண்டுவருவார்கள். மாமா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து முதலில் மனதுக்குள் வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார்.

"உங்கட கஷ்டம் தங்களுக்கு நல்லாய் விளங்குதாம். சுணங்கினதுக்கு மன்னிக்கட்டாம்."

வந்தவர்கள் முகம் தெளிந்து திரும்பிப் போவார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எங்களோடு வேறு யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டில் தொலைந்திருந்தது என் பிறப்புப் பத்திரம். கடைசி இடப்பெயர்வில் பத்திரங்கள் வைத்திருந்த பை எங்கேயோ விடுபட்டுப் போனது. கிராம சேவையாளரின் கடிதத்தைக் காட்டித்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூட அதிபர் அம்மாவைக் கூப்பிட்டு, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது வருகிறது, பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது, பிறகு சோதனை எழுதுவதும் சிக்கலாகும் என்று சொல்லிவிட்டார். பதிவாளர் கந்தோரில் கேட்டால் எங்கள் பக்கத்துப் பழைய புத்தகங்கள் சண்டையில் அழிந்துவிட்டன, கொழும்பில் இரண்டாம் பிரதி இருக்கும் என்றார்கள். அம்மா கொழும்புக்கு விண்ணப்பித்தா.

அம்மாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நான் பிறந்தது உடையார்கட்டில், இடம்பெயர்ந்து இருந்த ஒரு கொட்டிலில். பிறந்து ஒரு கிழமையில் அப்பா சைக்கிளில் போய்ப் பதிந்துவிட்டு வந்தார் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறா. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பாவை வயலில் பாம்பு கடித்துவிட்டது. அவரைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்லும் சில விசயங்களில் இந்தப் பதிவும் ஒன்று. "சொன்னால் சொன்னதைச் செய்யிற மனிசன்" என்று அந்தக் கதையை முடிப்பா.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீளமான மண்ணிற உறை. மாமா வயலிலிருந்து வரும்வரை அம்மா அதைக் கையிலேயே வைத்திருந்தா. மாமா வாசித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார். பிறகு கடிதத்தை மடித்தார்.

"தேடிக்கொண்டிருக்கிறாங்களாம் அக்கா. பழைய புத்தகங்கள் எண்டபடியால் கொஞ்சம் சுணங்குமாம். பொறுமையாய் இருக்கட்டாம்."

"அங்கை இருக்குதாமோ?"

"இருக்காமல் எங்கை போறது? பிள்ளையின்ர படிப்பு விசயம் எண்டு தங்களுக்கும் தெரியுமாம். கவலைப்பட வேண்டாமாம்."

அம்மா கடிதத்தை வாங்கி அலுமாரியில் வைத்தா.

அந்த மாதம்தான் வரலாறு படிப்பிக்கும் சேர் எங்களுக்கு ஒரு செயற்றிட்டம் தந்தார். சேர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், இளம் ஆள். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படிப்பிப்பது அவர் வழக்கம். முதலாம் நிலை மூலாதாரம், இரண்டாம் நிலை மூலாதாரம் என்று கரும்பலகையில் எழுதினார். நேற்று மதியம் பள்ளிக்கூடத்தில் தந்த பருப்புக்கறியில் உப்பு இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் கத்தினோம். சாப்பிட்டவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள் என்றார். பாதிக் கைகள்தான் உயர்ந்தன.

"சாப்பிட்டவன் சொல்லுறது முதலாம் நிலை. சாப்பிட்டவன் சொன்னதைக் கேட்டவன் சொல்லுறது இரண்டாம் நிலை. ரெண்டும் தேவை. ஆனால் எது எது எண்டு தெரியாமல் எழுதக்கூடாது" என்றார். ஆளுக்கொரு முதலாம் நிலை மூலாதாரத்தை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அது என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும்.

ஒருத்தி பெற்றோரின் கலியாண ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். ஒருவன் எழுத்துப் பொறித்த பழைய கூரை ஓடு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் அம்மாவிடம் கேட்டு, கொழும்புக் கடிதத்தைக் கொண்டுபோனேன். இலச்சினை, முத்திரை, கையெழுத்து எல்லாம் உள்ள மூலாதாரம் வகுப்பில் என்னிடம் மட்டுமே இருந்தது. என் பிறப்புப் பதிவைக் கொழும்பில் எவ்வளவு அக்கறையோடு தேடுகிறார்கள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன்.

சேர் கடிதத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்.

"உனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ?"

"இல்லை சேர். மாமா வாசிச்சவர்."

"அப்ப நீ எழுதினதுக்கு மூலாதாரம் கடிதமோ, மாமாவோ?"

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "கடிதம் முதலாம் நிலைதான் பிள்ளை. ஆனால் நீ அதை வாசிக்கேல்லை. மாமா சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறாய். சிங்கள ரீச்சரிட்டக் காட்டி, வரிக்கு வரி கேட்டு எழுதிக்கொண்டு வா. பிறகு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்" என்றார். மாமாவைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது. ஒரு மாணவிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார், அவ்வளவுதான்.

சிங்கள ரீச்சர் வவுனியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவா. இடைவேளையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தா. கடிதத்தை வாங்கி வாசித்தா. கோப்பையைக் கீழே வைத்தா.

"அம்மாவுக்கு இதில என்ன இருக்கெண்டு தெரியுமோ?"

"ஓம் ரீச்சர், தெரியும்" என்றேன். தெரியும் என்றுதான் நான் நினைத்தேன்.

அவா சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றே வரி. மேற்படி பெயரில், மேற்படி திகதியில், மேற்படி பிரிவில் பிறப்புப் பதிவு எதுவும் காணப்படவில்லை. இது தங்கள் தகவலுக்காக. கீழே ஓர் இலக்கம், ஒரு கையெழுத்து.

நான் பிறந்ததற்குக் கொழும்பில் சான்று கிடையாது என்று அந்தக் கடிதம் சொன்னது. அதை வாசித்தபோது நான் கவலைப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். எனக்கு வந்தது சந்தோசம். வகுப்பில் வேறு யாருடைய மூலாதாரத்திலும் இப்படி ஒரு வித்தியாசம் அகப்படவில்லை. ஓடு கொண்டுவந்தவனால் இனி என்னை நெருங்க முடியாது. அன்றைக்குக் கடைசிப் பாடவேளையிலேயே கொப்பியின் நடுவில் கோடு கீறி, இடது பக்கம் 'கடிதத்தில் உள்ளது' என்றும் வலது பக்கம் 'மாமா கூறியது' என்றும் தலைப்பிட்டு எழுதி முடித்தேன். இடது பக்கம் மூன்று வரி, வலது பக்கம் பதினொரு வரி. அடியில், சேர் தந்த ஒழுங்கின்படி, 'வேறுபாட்டுக்கான காரணம்' என்று எழுதி ஓர் இடைவெளி விட்டேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் நேரே குசினிக்குள் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. "அம்மா, ஒரு புதினம் கேளுங்கோ" என்று இரண்டு பக்கத்தையும் உரத்து வாசித்தேன்.

அம்மாவின் கை நின்றது.

"பதியேல்லையாமோ?"

"காணப்படவில்லை எண்டு இருக்கு."

"அப்பா பதிஞ்சவர் பிள்ளை. போயிட்டு வந்து எனக்குச் சொன்னவர்."

அப்போது நான் கேட்ட கேள்வியை இன்றுவரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சேரின் குரலில், பேனையைக் கையில் பிடித்தபடி கேட்டேன்:

"நீங்கள் கண்டனீங்களோ அம்மா? அப்பா சொன்னதைக் கேட்டனீங்களோ?"

அம்மா அடிப்பா என்று பயந்து ஓர் அடி பின்னால் போனேன். அவா அடிக்கவில்லை. திருவலையில் இருந்து எழும்பாமல், தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தா.

பின்னேரம் மாமா சாப்பிட வந்தார். அம்மா தட்டத்தை எடுக்கவில்லை. என் கொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தா.

"இதை வாசி. இது தமிழ்தானே."

மாமா நின்றபடியே வாசித்தார். இடது பக்கம், பிறகு வலது பக்கம். பக்கத்தின் அடிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதில இடம் விட்டிருக்கிறாய். என்ன எழுதப் போறாய்?"

"தெரியாது மாமா."

அவர் கொப்பியைத் திருப்பி என் கையில் தந்தார். "எழுது. மாமாவுக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது எண்டு எழுது."

நான் அப்படியே எழுதினேன். 'வாசித்தவருக்கு மொழியறிவு போதாது' என்று கொஞ்சம் திருத்தமாகவே எழுதினேன். இடைவெளி நிரம்பிவிட்டது என்று எனக்கு நிம்மதி. அம்மா மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றா. மாமா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை என்னிடம் கொடுத்து அனுப்புவா. நான் கொண்டுபோய் வைப்பேன். மாமா என்னோடு வழமைபோலத்தான் கதைத்தார். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பார். நான் சரியாகப் பதில் சொல்வதில்லை. ஊரை ஏமாற்றியவர் என்ற எண்ணம் எனக்கு.

ஊருக்கு அதைச் சொன்னதும் நான்தான். செயற்றிட்டத்துக்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று கிடைத்தது. அந்தப் பெருமையில் வகுப்பில் சொன்னேன், வகுப்பு வீட்டில் சொன்னது. அதன் பிறகு யாரும் மாமாவிடம் கடிதம் கொண்டுவரவில்லை. என்னிடம் தந்துவிடுவார்கள். நான் சிங்கள ரீச்சரிடம் கொண்டுபோய், வரிக்கு வரி எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டுவேன். வாய்க்கால் முடக்கில் இருந்த ஓர் ஐயா, தன் காணிக் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அதை வாங்கி மடித்துக்கொண்டு, "உன்ர மாமன் வாசிச்சிருந்தால் இது இப்பிடி முடிஞ்சிருக்காது பிள்ளை" என்றார். அவருக்கு உண்மையின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதற்கிடையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பதிவாளர் கந்தோருக்குப் போனா. காலங்கடந்த பிறப்பாகப் பதியலாம், ஆனால் பிறந்த நேரத்தில் உடன் இருந்த, சொந்தக்காரர் அல்லாத இன்னொருவருடைய சத்தியக் கடதாசி வேண்டும் என்று அங்கே இருந்த உத்தியோகத்தர் சொன்னார்.

"பெத்தவள் நான் சொல்லுறன். காணாதோ?"

"நீங்கள் சொல்லுறது சரிதான் அம்மா. எண்டாலும் இன்னொருவர் வேணும்."

அம்மாவின் பக்கத்தில் நின்ற நான் அந்த உத்தியோகத்தரை மெச்சினேன். எங்கள் சேரைப் போலவே கேட்கிறார் என்று தோன்றியது. வெளியே வந்தபோது அம்மா என் கையைப் பிடித்த பிடி நோகும்படி இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, அன்றைக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமாது எங்கே இருக்கிறாவோ, உயிரோடு இருக்கிறாவோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தா.

மூன்று கிழமை கழிந்தது. ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், யாரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் மாமா வந்து இறங்கினார். பின்னால் குடையோடு வயதான ஓர் அம்மா. தடித்த கண்ணாடி போட்டிருந்தா. முற்றத்தில் நின்று என் அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனாய்" என்றா.

அம்மா ஓடிவந்து அவாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

அந்த மருத்துவமாது இளைப்பாறி முள்ளியவளையில் மகளோடு இருந்தா. மாமா அவாவைத் தேடி உடையார்கட்டுக்குப் போய், அங்கே விசாரித்து வேறு இரண்டு ஊர்களுக்குப் போய், கடைசியில் முள்ளியவளைச் சந்தையில் யாரோ சொல்லித்தான் கண்டுபிடித்தாராம். அவாவே சொன்னா. மாமா வேப்பமரத்தடியில் நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குறிப்பெழுதின கொப்பியள் எல்லாம் துலைஞ்சு போட்டுது. ஆனால் உன்னை மறக்கேலுமே? விடிய விடிய மழை. இவன்தான் என்னைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்தவன். சேத்துக்குள்ள ரெண்டு தரம் விழுந்தனாங்கள். அண்டைக்கு இவனுக்கு மீசையும் இல்லை. பிள்ளை பிறந்து அழேல்லை. நான் தட்டத் தட்ட இவன் வெளியில நிண்டு அழுதவன். பிறகுதான் இவள் அழுதவள்."

மாமா தலை நிமிரவில்லை. நான் முதல் தடவையாக அவரைப் புதிதாகப் பார்த்தேன். நான் பிறந்தபோது அவர் அங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. பிறகு, கேட்பதா விடுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டா.

"பதிவு... அவர் போய்ப் பதிஞ்சிட்டு வந்தன் எண்டு எனக்குச் சொன்னவர்."

மருத்துவமாது கோப்பையை மடியில் வைத்துக்கொண்டா.

"போனவன்தான். பதிவாளர் குடும்பத்தோட இடம்பெயர்ந்து போட்டாராம், கந்தோர் பூட்டு. அண்டைக்குப் பின்னேரம் திரும்பிற வழியில என்னட்டை வந்து சொன்னவன். 'மனிசிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பச்சை உடம்புக்காரி, யோசிச்சுக் கொண்டிருப்பாள். நிலைமை சரிவர நான் போய்ப் பதிஞ்சுபோடுவன்' எண்டவன். பிறகு எங்களுக்கு எங்கை நிலைமை சரிவந்தது? ஓடுறதும் இருக்கிறதுமாய்ப் போச்சுது. பாவம், அவனும் கண்ணை மூடிப்போட்டான்."

அம்மா சிரித்தா. சிரிக்கும்போதே கண்ணீர் ஓடியது.

"என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் கண்ணாடிச் சாமான் மாதிரிக் கிடக்கோ? இத்தனை இடப்பெயர்வு ஓடினனான். குண்டுக்குள்ளால இவளைத் தூக்கிக்கொண்டு வந்தனான். பூட்டின கந்தோர் ஒண்டைத் தாங்கமாட்டனே?"

அதை அவா இறந்துபோன அப்பாவுக்குத்தான் சொன்னா. ஆனால் பார்த்தது வேப்பமரத்தடியை. மாமா துணியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, வா, வந்து சாப்பிடு" என்றா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவா அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. மாமா உள்ளே வந்து நிலத்தில் இருந்தார். அம்மா சோறு போட்டா, மீன்குழம்பு விட்டா, போதும் போதும் என்று அவர் கையால் மறைக்க மறைக்க இன்னும் ஓர் அகப்பை போட்டா. "இனி எனக்கு வாற எதையும் உள்ளபடி சொல்லு" என்று மட்டும் சொன்னா.

"ஓம் அக்கா" என்றார்.

அடுத்த கிழமை எல்லோரும் கந்தோருக்குப் போனோம். மருத்துவமாது சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டா. சில மாதங்களில் பிறப்புப் பத்திரம் கையில் வந்தது. பதினான்கு வயதில் நான் சட்டப்படி பிறந்தேன். அதற்காக நான் அந்த மருத்துவமாதுக்கும், அதிபருக்கும், கேள்வி கேட்கப் பழக்கிய சேருக்கும் மனதார நன்றி சொன்னேன். சிங்கள ரீச்சரிடம் தொடர்ந்து சிங்களம் படித்தேன். அந்தப் படிப்புத்தான் பிறகு எனக்குச் சோறு போட்டது. இன்று கிளிநொச்சியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வரிக்கு வரி மொழிபெயர்ப்பேன். ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

மாமாவுக்கு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தால், மருத்துவமாதுவைக் கூட்டிவந்ததற்காகச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் போய் ஓர் ஆளைத் தேடிக்கொண்டு வந்ததற்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு.

போன வருசம் என் நிரந்தர நியமனத்துக்குப் பெயரில் ஓர் எழுத்துத் திருத்தம் தேவைப்பட்டது. பதிவாளர் கந்தோரில் என் பழைய பத்திரங்கள் கட்டிய கோவையை எடுத்துவந்த இளம் உத்தியோகத்தர், "அக்கா, இதில கொஞ்சம் சிங்களத்தில கிடக்கு. நீங்களே பாருங்கோ" என்று தந்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போனார். கொழும்பிலிருந்து அங்கே அனுப்பியிருந்த பிரதிகள் அவை. மேலே இருந்தது கையால் எழுதிய நான்கு பக்கக் கடிதம். முத்து முத்தான சிங்கள எழுத்து. அடியில் மாமாவின் பெயர். திகதியைப் பார்த்தேன். எங்களுக்குக் கொழும்புக் கடிதம் வந்து பத்தாம் நாள். நான் செயற்றிட்டம் எழுதுவதற்கு முந்தி.

பதிவு காணப்படவில்லை என்ற தங்கள் பதிலைப் பெற்றேன் என்று தொடங்கியிருந்தார், கடிதத்தின் இலக்கத்தையும் குறிப்பிட்டு. பிள்ளையைப் பதிய இனி என்ன செய்ய வேண்டும், யார் யாருடைய சாட்சி தேவை என்று கேட்டிருந்தார். பிள்ளை பிறந்தபோது தான் அங்கே இருந்ததாகவும், சாட்சி சொல்ல ஆயத்தமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். பிறகு ஒரு பந்தி. தான் இரண்டு வருசம் தடுப்பில் இருந்து விடுவிக்கப்பட்டவர், அந்தக் காரணத்தால் தன் சாட்சி ஏற்கப்படாது என்றால் தயவுசெய்து அறியத்தரவும், வேறொருவரைத் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று. கடைசியில் ஒரு வேண்டுகோள். என் அக்கா விதவை. கணவர் பதிந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறா. ஆகவே இதற்கான பதிலை அவாவின் முகவரிக்கு அனுப்பாமல் என் முகவரிக்கு அனுப்பும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு பக்கமும் வாசித்து முடித்தபோது கந்தோரில் மதிய இடைவேளை விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மாமாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் அம்மா, எழுதவும் தெரியும், அந்த நேரமே தெரியும் என்று. ஏதோ பெரிய இரகசியத்தை வெளியிடுகிறவள்போலச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அவர் தெரியாதெண்டு எழுதச் சொன்னவர்?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "வேறை என்னத்தைச் சொல்லுவான்? நீ பேனையோட நிண்டாய். பொய் சொன்னனான் எண்டு எழுது எண்டு சொல்லுவானே? தெரியாத மாமா எண்டால் நீ அவனைக் கொஞ்சக் காலம் இளக்காரமாய்ப் பார்ப்பாய். பொய் சொல்லுற மாமா எண்டால் பிறகு அவன் சொல்லுற ஒண்டையும் நம்பமாட்டாய். அதைத்தான் யோசிச்சிருப்பான்."

அன்று கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தபோது, பிடிபட்ட ஒருவர் வெட்கப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தடுப்பிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். அந்த ஊரில் அவருக்கென்று இருந்த மதிப்பு அந்தக் கடித வாசிப்பு ஒன்றுதான். அந்தச் சில நொடிகளில் அதை எடுத்து என் கொப்பியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதை இன்னும் திருத்தமாக எழுதிப் புள்ளி வாங்கினேன். எல்லோரிடமும் 'நீங்கள் கண்டனீங்களோ' என்று கேட்டுத் திரிந்த எனக்கு, நான் கண்ணால் கண்டதை வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

பின்னேரம் வயலுக்குப் போனேன். மாமா வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. பதிவாளர் கந்தோரில் கோவையைப் பார்த்தேன், உங்கள் கடிதம் இருந்தது, வாசித்தேன் என்றேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப நீ படிச்சனி. எழுத்துப் பிழை ஏதும் கிடந்ததோ?"

"ஒண்டும் இல்லை மாமா."

"அந்த நேரம் அகராதியும் இல்லை" என்றார். முகத்தில் சின்னதாய் ஒரு பெருமை. பிறகு குனிந்து வரம்பைக் கட்டத் தொடங்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் இறங்கி, அவர் வெட்டிப் போட்ட மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டே போனேன்.